மன்றாட்டுமாலை முடியும்வரை

நெற்றி தரையில் பட்டதும் அமலோற்பவத்துக்கு முழங்கால் ஞாபகந்தான் முதலில் வந்தது. படுத்தாயிற்று, இனி எழுந்திருப்பது எப்படி. பக்கத்தில் ஷெர்லின், இருபத்தெட்டு வயசுக்காரி, துணி மடிவதுபோலச் சத்தமில்லாமல் மடிந்து படுத்துவிட்டாள். அமலோற்பவத்துக்கு ஐம்பத்து மூன்று. ஒரு கையை ஊன்றி, ஒரு காலை இறக்கி, அடுத்த காலை இறக்கி, வள்ளத்தைக் கரையில் கவிழ்க்கிற மாதிரி மெதுவாகத்தான் கவிழ முடிந்தது. இன்றைக்கு அவர்கள் இரண்டு பேருக்கும் நித்திய வார்த்தைப்பாடு. எட்டு வருஷம் சோதித்துப் பார்த்த பிறகு, சாகிறவரைக்கும் நான் கடவுளுக்கே என்று ஆயர் முன்னாலும் சபை முன்னாலும் சொல்லிக் கையெழுத்துப் போடுகிற நாள். அதைச் சொல்வதற்கு முன்னால் இப்படிப் பீடத்தடியில் முகங்குப்புறக் கிடக்க வேண்டும், மன்றாட்டுமாலையில் புனிதர்கள் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாடி முடிக்கிறவரைக்கும். ஒத்திகையின்போது மதர் கொர்னேலியா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு நிமிஷம் ஆகும் அமலோற்பவம், தூங்கிடாதே, என்றார்கள். தூக்கமா வரும். தரையில் பினாயில் வாசனை அடித்தது. அதற்கு அடியில் பழைய மெழுகுவர்த்தி வாசனை. காலையில் இந்த இடத்தைத் துடைத்தவளே அவள்தான், இதே கல்லில் தன் மூச்சு வந்து படப்போகிறது என்ற நினைப்பே இல்லாமல் துடைத்திருக்கிறாள், கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கீற்று அழுக்கு அப்படியே காய்ந்து கிடந்தது. ஏட்டி அமலோற்பவம், உன்னையே கொடுக்க வந்த நேரத்தில் தரை துடைத்த லட்சணத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாயே. கண்ணை மூடினாள். மூடினால் காது திறந்துகொண்டது.

பாட்டுக்காரர் தேவதாயில் ஆரம்பித்து மிக்கேல் சம்மனசுக்கு வந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் கோயில் மொத்தமும் வேண்டிக்கொள்ளும் என்று பதில் சொல்லியது, அந்தச் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் தரை வழியாக நெஞ்செலும்புக்கு வந்தது, அடிவயிறு அதிர்ந்தது. மிக்கேல். கபிரியேல். பின்னால் யாரோ செருப்பைக் கழற்றினார்கள். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அது எந்த நாற்காலி. முன்வரிசையில் வலது ஓரத்து நாற்காலியில் அமலோற்பவத்தின் குடும்பத்தார் என்று காகிதம் எழுதி ஒட்டியிருந்தது, பவனியாக உள்ளே வரும்போது பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள், காலியாக இருந்தது. ஷெர்லினுக்கு இரண்டு வரிசை நிறைய ஆள், அவள் ஊரிலிருந்து ஒரு பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். அமலோற்பவத்துக்கு இருக்கிறது ஒரே மகள். டெல்பின் வருவாள் என்று நினைக்காதீங்க அத்தை, என்று மருமகன் ஜெரால்டு போன வாரமே போனில் சொல்லிவிட்டான், நல்ல பையன், அதைச் சொல்வதற்கு முன்னால் ரொம்ப நேரம் வெயிலைப் பற்றிப் பேசினான். வருவாள் என்று நினைக்கவில்லை. நினைக்காமலே காது அவளைத் தேடியது. இதோ ஒரு நடை, கனமான நடை, ஆம்பளை. இதோ ஒரு கொலுசு, சின்னப் பிள்ளை. எட்டு வருஷத்தில் மகளின் நடை எவ்வளவோ மாறியிருக்கும், இரண்டு பிள்ளை பெற்றவளின் நடை, எந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பது என்றே தெரியவில்லை. அந்த இரண்டாவது குழந்தையை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. யாரோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. கோயில் என்றால் ஒரு குழந்தை சிணுங்கத்தான் செய்யும். இராயப்பர். சின்னப்பர். பெலவேந்திரர். வேண்டிக்கொள்ளும், வேண்டிக்கொள்ளும்.

மிச்சம். அந்த வார்த்தை வந்துவிட்டது. வரும் என்று தெரியும், தனியாக விட்டால் எப்போதும் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டு வருஷத்துக்கு முன்னால் டெல்பினிடம் விஷயத்தைச் சொல்லப் போனபோது அவள் கலியாணமாகி எட்டு மாதம், தூத்துக்குடியில் புருஷன் வீட்டு அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுக் கத்தவில்லை. கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். உனக்கு எத்தனை வயசு, என்றாள். நாப்பத்தஞ்சு. கன்னியாஸ்திரி ஆவுற வயசா அது, பதினெட்டு வயசுப் பிள்ளைகள்லா போவும். விதவையையும் சேத்துக்கிடுற சபை இருக்குட்டி, கேட்டுட்டேன், என்றாள் அமலோற்பவம். டெல்பின் இறாலைத் தண்ணீரில் போட்டுவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல், யம்மா, அப்பாவுக்கு ஒழைச்ச, எனக்கு ஒழைச்ச, ரெண்டு பேர் வேலையும் முடிஞ்சதும் மிச்சம் இருக்கிறதத் தூக்கிக்கிட்டு சாமிகிட்ட போற, சாமிக்கு மிச்சந்தானா, என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவளோடேயே வந்தது. நவதுறவியாகப் பயிற்சியில் இருந்தபோதும் விட்டுப் போகவில்லை. தியானத்தில் உட்கார்ந்தால், நரைத்த தலையும் தேய்ந்த முழங்காலும் கருகிப்போன விரல்களுமாக ஒரு பழைய பொம்பளை, பெருமாட்டி மாதிரி வந்து கடவுள் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், வேறு யாருக்கும் வேண்டாததை இவர் தலையில் கட்ட வந்திருக்கிறாள் என்று தோன்றும். ஷெர்லின் கொடுப்பது முழுசு. கன்னம் சுருங்காத, இன்னும் யாரும் கேட்டு வாங்கிக்கொள்ளாத முழு வாழ்க்கை. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தன் தட்டில் என்ன இருக்கிறது. மதியம் பன்னிரண்டு மணி தாண்டிய மீன் கூறு. ஈ மொய்த்தது போக, பேரம் பேசி நல்லதெல்லாம் போனது போக. இருபத்தொரு வருஷம் மார்க்கெட்டில் உட்கார்ந்தவளுக்கு அந்தக் கூறு எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அழைத்தது அந்த மார்க்கெட்டில் வைத்துத்தானே. சந்தியாகு, அருளப்பர், தோமையார் என்று அப்போஸ்தலர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்களில் பாதிப் பேரை மீன்காரர்களாக இருக்கும்போதே கூப்பிட்டார் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் கடற்கரைச் சனங்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். அவளுக்கு நடந்தது காலை பதினோரு மணிக்கு. ஒரு அம்மாவுக்காகப் பாறை மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். கையெல்லாம் செதில், முதுகில் வெயில், பக்கத்துக் கடைக்காரி யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். அப்போது யாரோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தது மாதிரி இருந்தது. அவ்வளவுதான். குரல் இல்லை, வெளிச்சம் இல்லை. திரும்பிப் பார்த்தால் ஐஸ்பெட்டி இருந்தது. ஆனால் உட்கார்ந்தவர் எழுந்து போகவில்லை. அருவாமணையில் கை தன்பாட்டுக்கு ஓட, உள்ளே காரணமே இல்லாத ஒரு சந்தோஷம் ஊற்றெடுத்துக் கழுத்துவரைக்கும் வந்தது. என்னம்மா சிரிக்க, துண்டு சின்னதா இருக்குன்னு சொல்லுதேன், என்றாள் அந்த அம்மா. இன்னும் ரெண்டு துண்டு எடுத்துக்கோங்க, என்றாள் அமலோற்பவம். அந்த அம்மா சந்தேகமாகப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனாள். கெட்டுப்போன மீன் என்று நினைத்திருப்பாள். அன்று சாயந்திரம் நேராகச் சகோதரிகளின் இல்லத்துக்குப் போனாள். ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் புத்தி தடுமாறிக் கிடக்கிற பெண்களைக் கூட்டிக்கொண்டுவந்து வைத்திருக்கிற வீடு அது. வெள்ளிக்கிழமைகளில் போய் அந்தப் பெண்களுக்குத் தலை குளிப்பாட்டிவிடுவது ஐந்து வருஷமாக அவள் வழக்கம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை. என்ன அமலோற்பவம், இன்னைக்கு வந்திருக்க, என்றார்கள் மதர் கொர்னேலியா. இங்கேயே இருந்துக்கிடட்டுமா மதர், என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

அதற்காகத்தான் டெல்பின் விலை கொடுத்தாள். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றுவிடும், இழுத்தால் கிழியும். நவதுறவியாக இருந்த வருஷம் டெல்பினுக்குத் தலைப்பிரசவம். பத்து நாள் போயிட்டு வா, என்று மதரே அனுமதி கொடுத்தார்கள். பையில் பேறுகால மருந்தும் நைந்த வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணிகளும் எடுத்து வைத்தாயிற்று, வாசலில் ஆட்டோ நின்றது. இரண்டு நாளாக இல்லத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருந்தது, மதருக்கே குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது, நாற்பத்திரண்டு பெண்களுக்கு எழுந்து நிற்கிற சகோதரிகள் இரண்டு பேர். கேட்டுக்குப் போகிற வழியில், வராந்தாவில் பேர் தெரியாத ஒருத்தி, வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, சுவரைப் பிடித்தபடியே சரிந்து விழுந்தாள். ஒரு நிமிஷம் என்று ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். அந்த ஒரு நிமிஷம் ஆறு நாள் ஆயிற்று. யாரும் இருக்கச் சொல்லவில்லை. அதுதான். மதர் கட்டளையிட்டார்கள் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவு நிம்மதி. மூன்றாம் நாள் மதியம் டெல்பினுக்கு வலி எடுத்து, குழந்தை குறுக்கே நின்று, ஆபரேஷன் செய்து எடுத்திருக்கிறார்கள், அந்த நேரத்தில் இவள் வாளியும் துடைப்பமுமாக நின்றாள். போன் செய்தால் டெல்பின் எடுக்கவில்லை. நேரில் போக முகம் இல்லாமல் கடிதம் எழுதினாள். எல்லாருக்கும் பேறுகாலத்துக்கு அம்மா வருவா, எனக்குக் கடுதாசி வந்துச்சு, என்று பின்னால் ஒருநாள் டெல்பின் சொன்னாள், அதையும் கத்தாமல்தான் சொன்னாள். விழுந்தவள் பிழைத்துக்கொண்டாள், இல்லத்தில் பூண்டு உரிக்கிறாள், இன்றுவரைக்கும் பேர் சொல்லவில்லை. ஒரு தராசில் அவளையும் டெல்பினையும் வைத்தால் எந்தத் தட்டு இறங்கும் என்று அமலோற்பவம் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறாள். தராசு பிடிக்கிற கைதான், ஆனாலும் முள் ஒருநாளும் நின்றதில்லை. தன்னுடையதைக் கொடுத்தால் காணிக்கை. மகளுடைய பங்கையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன பேர்.

மோனிக்கா, என்றார் பாட்டுக்காரர். வேண்டிக்கொள்ளும், என்றது சபை. அமலோற்பவத்துக்கு மட்டும் வாய் வரவில்லை. அம்மா மோனிக்கா, நீங்க வழிதப்பின பிள்ளைக்குப் பின்னாலயே அழுதுகிட்டுப் போனீங்க, நான் பிள்ளைய விட்டுட்டு வந்தேன், எனக்கு எந்த முகத்தோட வேண்டிக்கிடுவீங்க. கண்ணீர் மூக்கு வழியாக இறங்கிக் கல்லில் தேங்கியது, துடைக்கக் கையை எடுக்கக்கூடாது. அப்போது, ஏன் என்று தெரியாமல், கஸ்பார் ஞாபகம் வந்தது. அவள் புருஷன். வள்ளத்தில் வழுக்கி விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் மூன்று வருஷம் படுக்கையில் கிடந்து செத்துப்போன மனுஷன். மீன் விற்றுவிட்டு வந்ததும் அவரைப் புரட்டி, துடைத்து, புண் வராமல் பவுடர் போட்டு, சோறு ஊட்டுவாள். ஒருநாள் அவள் காலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஏட்டி, என்றார். என்ன. நீ எனக்குச் செய்யிற மாதிரி தெரியலட்டி. வேற யாருக்குச் செய்யிறேன், அடுத்த வீட்டுக்காரனுக்கா, என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால யாரோ நிக்கிற மாதிரியும், அவுகளுக்குச் செய்யிற மாதிரியும்லா செய்யிற, என்றார். கோபமா உங்களுக்கு, என்று கேட்டாள். இல்லட்டி, எனக்கு மட்டும் செய்தா எனக்கு வெக்கமா இருக்கும், இது நல்லா இருக்கு, என்றார். அன்றைக்கு அவளுக்கு அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். பதினாறு வருஷம் கழித்து இந்தக் கல்தரையில் அது வந்து நின்றது. மனுஷன் படுத்த படுக்கையில் கிடந்துகொண்டு பார்த்திருக்கிறார். அவள் பார்க்காததைப் பார்த்திருக்கிறார். உள்ளே ஏதோ ஒன்று கட்டு அவிழ்ந்தது. அப்படியென்றால் அப்போதே. மார்க்கெட்டில் ஆண்டவர் வந்து உட்காருவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னால், அந்தப் பவுடர் வாசனைக்குள்ளே, மூத்திரத் துணிக்குள்ளே, டெல்பினுக்கு மடியில் வைத்துப் பேன் பார்த்த நேரத்திலே, பள்ளிக்கூட யூனிபாரம் துவைத்த கல்லிலே, விடிகாலையில் ஏலத்துக்கு ஓடிய ஓட்டத்திலே, எல்லாத்திலேயும் அவரைப் பார்த்துக்கொண்டேதான் செய்திருக்கிறாள். எட்டு வருஷமாக மிச்சம் மிச்சம் என்று எதைச் சொல்லி அழுதாளோ, அதில் முதல் கவளத்திலிருந்தே அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கஸ்பாருக்கு ஊட்டிய சோறு இங்கேதான் வந்து சேர்ந்தது. டெல்பினுக்குக் கொடுத்த பாலும் இங்கேதான். இன்றைக்குப் புதுசாக எதையும் கொண்டுவரவில்லை, இவ்வளவு நாளும் கொடுத்ததை இன்றைக்கு வாய் திறந்து சொல்லப்போகிறாள்.

அந்த ஆறு நாள்? அந்த ஆறு நாளும். சரியா தப்பா என்று தெரியாது, சாகும்போதும் தெரியப்போவதில்லை. டெல்பினுக்கு வலித்தது, அந்த வலி டெல்பினுடையது, அதற்குப் புண்ணியம் என்று பேர் வைக்கிற உரிமை இவளுக்கு இல்லை. இதையும் வைத்துக்கொள்ளும் ஆண்டவரே, இதை நான் கழுவிக் கொண்டுவரவில்லை, ரத்தத்தோடு கொண்டுவந்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளும், அவளையும் பார்த்துக்கொள்ளும், அவள் என்னை வெறுத்தாலும் பார்த்துக்கொள்ளும். சொல்லி முடித்ததும் தரை லேசானது. தரை லேசாகுமா, ஆயிற்று. நெற்றியும் நெஞ்சும் வயிறும் முழங்காலும் கல்லோடு கல்லாகக் கிடக்க, அவள் ஆழக் கடலில் மிதக்கிற மாதிரி கிடந்தாள். மார்க்கெட்டில் வந்த அதே சந்தோஷம், ஆனால் இந்தத் தடவை கழுத்தோடு நிற்கவில்லை. தோள் குலுங்கியது. பக்கத்தில் ஷெர்லின் தலையைத் திருப்பாமலே, சிஸ்டர், அழுறீங்களா, என்று முணுமுணுத்தாள். இல்லட்டி. பின்ன சிரிக்கிறீங்களா. சும்மா கிட, மதர் பாத்துருவாவ, என்றாள் அமலோற்பவம். இரண்டு பேருக்கும் தோள் குலுங்கியது. அசிசியார், அந்தோணியார், குழந்தை தெரேசம்மாள், எல்லாரும் வந்தார்கள், பெயர் இல்லாத சகல புனிதர்களும் வந்தார்கள், கோயில் கடைசித் தடவையாகப் பதில் சொல்லியது. ஆயர் செபம் சொல்லி முடித்து, எழுந்திருங்கள், என்றார்.

எழுந்தாள். முழங்கால் ஒரு தடவை மக்கர் பண்ணியது, ஷெர்லினின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். காலையில் தரை துடைத்த துணியின் நூல் ஒன்று நெற்றியில் ஒட்டியிருந்தது, அதை எடுக்கவில்லை. முன்வரிசை நாற்காலி காலியாகவே இருந்தது. அதைப் பார்த்தாள், ஆனால் அந்தச் சந்தோஷம் அசையவில்லை, அப்படி ஒன்று அசையாமல் இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. மைக் பக்கத்தில் போய் நின்றாள். ஐஸ்பெட்டிச் சத்தத்தையும் ஏலச் சத்தத்தையும் தாண்டிக் கூவிப் பழகின தொண்டை அது, மைக் கீச்சென்று கத்தியது, ஒலிபெருக்கிக்காரர் ஓடிவந்து அதை அணைத்தார். மைக் இல்லாமலே சொன்னாள். அமலோற்பவமாகிய நான் கற்பும் ஏழ்மையும் கீழ்ப்படிதலும் என் வாழ்நாள் முழுவதும் கடவுளுக்கு நேர்ந்துகொள்கிறேன் என்று அவள் சொன்னது கோயிலுக்கு வெளியே செருப்புக் காவல் இருந்தவருக்குக்கூடக் கேட்டதாம். மதர் கொர்னேலியா குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்கள்.

பீடத்தின் மேல் வார்த்தைப்பாட்டுத் தாள் விரித்திருந்தது. கையெழுத்துப் போட்டாள், பெரிய எழுத்தாக, நிதானமாக. கீழே சாட்சிகளுக்கு இரண்டு கோடு. ஒன்றில் மதர் போட்டுவிட்டுப் பேனாவை அமலோற்பவத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டாவதில் போட உதவித் தலைவி பேனாவை வாங்கக் கை நீட்டியபோது பக்கவாட்டுக் கதவுப் பக்கமிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. பஸ்ஸில் வந்த தலை, கலைந்து கிடந்தது. கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, யாரையும் பார்க்காமல் நேராகப் பீடத்தின் படிவரைக்கும் வந்து நின்றாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு நேரம் நின்றாளோ. அமலோற்பவத்தின் கையில் பேனா அப்படியே இருந்தது.

"அந்தப் பேறுகாலத்த நான் இன்னும் மறக்கல," என்றாள் டெல்பின், அம்மாவுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"தெரியும் மக்கா."

"மறப்பேனான்னும் தெரியல."

"மறக்க வேண்டாம்."

டெல்பின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்து, அதைத் தன் விரலால் எடுத்துவிட்டாள். பிறகு குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி அமலோற்பவத்தின் கையில் கொடுத்தாள், தூக்கத்தில் கனத்துப்போன குழந்தை, எட்டு மாதம், தலை அவள் தோளில் தானாகவே சாய்ந்தது. ஆயர் மதரைப் பார்த்தார். மதர் தலையசைத்தார்கள்.

"எங்க போடணும்?" என்று கேட்டாள் டெல்பின்.

அமலோற்பவம் இடத்தைக் காட்டினாள். டெல்பின் பேனாவை வாங்கி, குனிந்து, தன் பெயரை எழுதினாள். பெயருக்குப் பக்கத்தில், சாட்சி யார் என்று எழுதுகிற இடத்தில், ஒரு வினாடி நிறுத்திவிட்டு, மகள் என்று எழுதினாள்.